ஒன்பது பி, மூன்றாம் பீரியட்

மேல்பட்டியில் எங்கள் பள்ளிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
ஒரு சுவர், கொஞ்சம் வேலிக்காத்தான், அவ்வளவுதான்.
பதினொன்றே முக்காலுக்கு வண்டி போகும்.
பதினொன்றே நாற்பதுக்கே போய்விடும்
திலீபனின் வாயில்.
கூவல், தடதடப்பு, பாலம் ஏறும் கனத்த ஓசை,
கடைசிப் பெட்டி தேய்ந்து மறைவது வரைக்கும்.
பிறகு நிஜ வண்டி வரும்.
இரண்டு ரயிலுக்கும் ஒதுங்கி நிற்கும்
என் இயற்கணிதம்.

வெளியே நிறுத்திப் பார்த்தேன்.
புங்க மரத்தடியில் நின்றவன்
சன்னல் வழியே எல்லாருக்கும் தெரிந்தான்.
கரும்பலகை எனக்கு மட்டும் தெரிந்தது.

'இனி செய்ய மாட்டேன்', நூறு தடவை எழுதி வா என்றேன்.
தொண்ணூற்றெட்டு இருந்தது.
டீச்சர் எண்ண மாட்டாங்க என்று
அஃப்ரோஸிடம் பந்தயமாம்.
எண்ணினேன். தோற்றது அவன்தான்,
ஞாயிற்றுக்கிழமை போனது என்னுடையது.

அம்மாவைக் கூட்டி வா என்றேன்.
ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு
பசை வாடை போகாத விரல்களோடு வந்தாள்.
'அரை நாள் சம்பளம் பூடுச்சி டீச்சர்,
இவன இன்னாதான் பண்றது நானு'
என்றவள், நான் வாய் திறக்குமுன்
அவன் கன்னத்தில் வைத்தாள் ஒன்று,
அரை நாள் சம்பளத்துக்கும் சேர்த்து.
அன்று ஒரு ரயில்தான் போனது.
அதற்குப் பிறகு நான்
யார் அம்மாவையும் கூப்பிடவில்லை.

காட்பாடியில் இரண்டு நாள் பயிற்சி.
பஃப்ஸ், டீ, கலர் கலராய் அட்டைகள்.
குரலைத் தாழ்த்துங்கள்.
பெயர் சொல்லாமல் பக்கத்தில் போய் நில்லுங்கள்.
கோபம் வந்தால் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.
எண்ணினேன். உதடு அசைந்துவிட்டது போல,
ஏழில் கடைசி பெஞ்சும் சேர்ந்துகொண்டது:
எட்டு! ஒன்பது! பத்து!
பி.டி. சார் குப்புராஜ் எட்டிப் பார்த்து
'ட்ரில்லா மேடம்?' என்றார்.

அந்த வியாழக்கிழமை
ஹெச்.எம். முனிரத்தினம் கூப்பிட்டாரென்று போய்
ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்புகையில்
வராந்தாவில் என் குரல் கேட்டது.
என் வாய் மூடியிருந்தது.

'சைலன்ஸ்! இது கிளாஸா, குடியாத்தம் சந்தையா?'
நான்தான். அந்தக் கடைசி 'யா'வில்
தொண்டை கிழிவதும் நான்தான்.
கிழிந்த பின் வரும் சின்ன இருமல்,
சாக்பீஸால் மேஜையில் மூன்று தட்டு,
'எனக்கென்ன, உங்க வாழ்க்கை, போங்க'.
இதை நான் சொல்கிறேனா?
தினமுமா?

கதவோரம் நின்றேன்.
யாரும் சிரிக்கவில்லை, அதுதான் உறுத்தியது.
நாற்பத்திரண்டு தலையும் நோட்டுக்குள் குனிந்திருக்க
என் குரல் பலகையில் எழுதிக்கொண்டிருந்தது:
எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஐந்து எக்ஸ் பிளஸ் ஆறு.
நேற்று ரயில் பாதியில் தின்ற கணக்கு.
'பெருக்கினா ஆறு வரணும், கூட்டினா மைனஸ் ஐந்து.
சௌந்தர்யா, நீ சொல்லும்மா, அவசரமில்ல.'
அந்த 'அவசரமில்ல' மட்டும்
என்னுடையதல்ல.
முதல் காரணி சரி.
இரண்டாவதில் மைனஸ் வரவேண்டிய இடத்தில்
பிளஸ் போட்டான்.

இதற்கு அட்டை இல்லை காட்பாடியில்.
பத்து எண்ணினேன், உதடு அசையாமல்.
கத்தத்தான் தோன்றியது.
கத்துகிற குரல் அங்கே இருந்தது, என்னிடம் இல்லை.
'மைனஸ்' என்றேன்.

சாக்பீஸ் விழுந்தது.
அவன் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.
நான் போய்
கடைசி பெஞ்சில் அவன் இடத்தில் உட்கார்ந்தேன்.
பலகைக்கடியில் ஓர் ஆணி ஆடியது.
விரலால் சுண்டினால்
தண்டவாளம்.
'ம், திருத்து.'
திருத்தினான். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே,
சொந்தக் குரலில்;
உடைகிற வயது, பாதிச் சொல் கீழே பாதி மேலே.
ஜூனிலிருந்து இவன் சத்தம் கேட்கிறேன்,
குரலை அன்றுதான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை, பதினொன்றே நாற்பது.
ரயில் வந்தது.
இரண்டு பெட்டி குறைவு. எண்ணினேன்.
ஆணியை
இன்னும் பிடுங்கச் சொல்லவில்லை.